பழசு யாருக்கு?

ஆடி ஒண்ணாம் தேதி சாயங்காலம் எங்கள் நாமகிரிப்பேட்டையில் தெருவில் இறங்கி நடந்தால் தேங்காய் ஓடு கருகும் வாசம் அடிக்கும். சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர் பக்கத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன்.

நன்றாக முற்றின தேங்காயை நார் உரித்து, சிமெண்டுத் தரையில் தேய்த்து வழவழப்பாக்குவோம். ஒரு கண்ணைத் துளைத்துத் தண்ணீரை வடித்துக்கொண்டு, பாசிப்பருப்பு, அவல், பொட்டுக்கடலை, எள், வெல்லம் எல்லாவற்றையும் அந்தச் சின்ன ஓட்டை வழியாக உள்ளே திணிப்போம். வடித்த தண்ணீரில் கொஞ்சத்தைத் திரும்ப ஊற்றி, சீவிய அழிஞ்சிக் குச்சியைக் கண்ணில் இறுக்கிச் செருகுவோம். ஓட்டுக்கு மேலே மஞ்சள் பூச்சு. மஞ்சள் ஏலம் நடக்கிற ஊர், அதற்குப் பஞ்சமே இருக்காது. வாசலில் நெருப்பு மூட்டி, குச்சியைப் பிடித்தபடி திருப்பித் திருப்பிச் சுட வேண்டும். ஓடு வெடிப்பு விட்டதும் பிள்ளையாருக்கு வைத்துவிட்டு உடைத்தால், உள்ளே பருப்பும் வெல்லமும் தேங்காயோடு சேர்ந்து வெந்திருக்கும். பாரதப்போர் ஆடி 1-ல் தொடங்கி 18-ல் முடிந்தது, தர்மம் ஜெயிக்க வேண்டிக்கொண்டு சுட்டார்கள் என்று ஒரு கதையும் சொல்வார்கள்.

போன வருடம் அக்கா குடும்பம் நியூ ஜெர்சியிலிருந்து வந்திருந்தது. அங்கே பள்ளிக்கூட லீவு ஜூலை, ஆகஸ்டில் வருவதால் ஆடியைப் பிடித்துவிட்டார்கள். அக்கா மகளுக்குப் பதினாறு வயது. வெந்த பூரணத்தைக் கரண்டியால் சுரண்டித் தின்றுகொண்டே, "மாமா, இது ஸ்டஃபிங்தானே? நாங்க தேங்க்ஸ்கிவிங்குக்குச் செய்வோமே" என்றாள்.

இந்தக் கட்டுரை அந்த ஸ்டஃபிங்கைப் பற்றியது. சமையல் குறிப்பும் நடுவில் வரும். ஆனால் நான் எழுத நினைப்பது, அதைச் செய்யப் போய் எங்கள் வீட்டில் கிளம்பின ஒரு கேள்வியை. ஒரு வருடமாகியும் அது என்னை விடவில்லை.

*

அமெரிக்காவில் நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை தேங்க்ஸ்கிவிங். தேசம் முழுவதற்கும் ஒரு நன்றி நாள் என்று 1863-ல் லிங்கன் அறிவித்தார். நான்காவது வியாழன் என்று சட்டம் போட்டது 1941-ல். அன்றைக்கு வான்கோழி. அதன் வயிற்றுக்குள் அடைக்கிற பூரணம்தான் ஸ்டஃபிங்: ரொட்டித் துண்டுகள், வெங்காயம், செலரித் தண்டு, வெண்ணெய், சேஜ், தைம் போன்ற வாசனை இலைகள், கறி வேகவைத்த சாறு. கோழிக்குள்ளேயே வைத்துச் சுட்டால் பூரணத்தின் நடுப்பகுதி வரைக்கும் 74 டிகிரி செல்சியஸ் சூடு ஏற வேண்டும், இல்லையென்றால் கிருமி சாகாது. அதனால் இப்போது நிறைய வீடுகளில் தனித் தட்டில் வைத்துத்தான் சுடுகிறார்கள். தென்மாநிலங்களில் இதற்கு டிரெஸ்ஸிங் என்று பெயர்.

"நானே செஞ்சு தர்றேன், ஆடிப்பதினெட்டுக்கு" என்றாள் மருமகள்.

எங்கள் வீட்டில் ஆடிப்பதினெட்டு அன்று சாமி கும்பிட்டு முடித்ததும் கறிச்சோறு உண்டு. நாட்டுக்கோழிக்கு ஏற்பாடு ஆகிவிட்டது. ரொட்டிதான் சிக்கல். எங்கள் ஊரில் ரொட்டி என்றால் காய்ச்சல்காரர் சாப்பாடு. ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போகிறவர்கள் வாங்கிப் போகிற பொருள். பேக்கரியில் இருக்கிற மில்க் பிரெட் இனிக்கும். தேடிப் பார்த்து சால்ட் பிரெட் இரண்டு பவுண்டு வாங்கி வந்தேன்.

"ஃப்ரெஷ்ஷா இருக்கு மாமா. இது ஆகாது."

"ஃப்ரெஷ்ஷா இருந்தா என்ன?"

"சாறு ஊத்துனா களி மாதிரி ஆயிடும். பழசா இருக்கணும்."

அவள் சொன்னது சரி. ரொட்டி பழசாவதை வெறும் ஈரம் காய்வது என்று நினைத்திருந்தேன். உள்ளே மாவுச்சத்தும் மெல்ல இறுகுகிறது. குளிர்ப்பெட்டியில் வைத்தால் வெளியில் இருப்பதைவிடச் சீக்கிரமாக இறுகும். அப்படி இறுகி, காய்ந்த ரொட்டிதான் சாற்றைக் குடித்தும் உருவம் கலையாமல் நிற்கும். ஏழை வீட்டில் காய்ந்துபோன ரொட்டியை வீணாக்காமல் இருக்கப் பிறந்த வித்தை இது. பிறகு பண்டிகைக்கே அதுதான் வேண்டும் என்று ஆனது. 1972-ல் டப்பாவில் அடைத்த ஸ்டஃபிங் கலவையே கடைக்கு வந்துவிட்டது. புது ரொட்டியைச் சுட்டு, அதை வேண்டுமென்றே உலர்த்தி விற்கிறார்கள்.

மருமகள் ரொட்டியைச் சதுரம் சதுரமாக வெட்டி, முறத்தில் பரப்பி, மொட்டைமாடியில் வைத்தாள். ஆடிக்காற்று. இரண்டு நாளில் கலகலவென்று ஆகிவிட்டது.

அம்மா முதல் நாளே முகம் சுளித்தார். "ஏங்கண்ணு, விருந்துக்குப் போய் பழசையா வெப்பாங்க?"

மூன்றாம் நாள் காலையில் மாடிக்குப் போன மருமகள் வெறும் முறத்தோடு இறங்கி வந்தாள். "மாமா, என் பிரெட்டைக் காணோம்."

அடுப்படியிலிருந்து அம்மா சொன்னார்: "அது காஞ்சு போயிருச்சுன்னு கொல்லைக்கு வந்தவகிட்டக் குடுத்துட்டேன். பேரன் இருக்கறானல்ல, திங்கட்டும்னு."

மருமகள் கோபப்படவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள். "அம்மாயி, அது நாம சாப்பிடறதுக்கு வெச்சது. நமக்குன்னா அது நல்ல பிரெட். அவங்களுக்குக் குடுக்கும்போது மட்டும் எப்படிப் பழசாச்சு?"

யாரும் பதில் சொல்லவில்லை. அக்கா என்னைப் பார்த்தாள். குக்கர் விசில் அடித்தது.

*

"கொல்லைக்கு வந்தவ" என்று அம்மா சொன்னது, எங்கள் காட்டில் நாற்பது வருடமாக வேலை செய்கிற ஒரு அம்மாவை. என்னைவிட இருபத்தைந்து வயது மூத்தவர். என்னை "சாமி" என்பார். சின்ன வயதிலிருந்து நான் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன், "வா, போ" என்றுதான் பேசினேன். அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை.

மாசி, பங்குனி மஞ்சள் வேக்காட்டுக் காலம். வெட்டின கிழங்கைக் கொப்பரையில் வேகவைத்து, களத்தில் கொட்டி, நாள்கணக்கில் காயவைக்க வேண்டும். விடிவதற்கு முன்னாலேயே காலனியிலிருந்து பெண்கள் வந்துவிடுவார்கள். நடுக்காலையில் அவர்களுக்கு எங்கள் வீட்டிலிருந்து முந்தின நாள் சோறு போகும். கொல்லை வாசல் வழியாகத்தான் போகும். தோட்டத்துச் சுவரிடுக்கில் கொட்டாங்குச்சிகள் செருகியிருக்கும். டீ அதில்தான். குடித்துவிட்டுக் கழுவி அவர்களே செருகி வைப்பார்கள்.

நான் பத்தாவது படிக்கும்போது கொட்டாங்குச்சி போய் பிளாஸ்டிக் டம்ளர் வந்தது. அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்து அரை நூற்றாண்டு ஆகப் போகிற சமயம் அது. நாங்கள் அதை நாகரிகம் வளர்ந்துவிட்டதாக எடுத்துக்கொண்டோம். டம்ளர் தனியாகத்தான் இருந்தது.

அந்த ஆடியில் முறத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு ஒன்று உறைத்தது. ஆடி ஒண்ணாம் தேதி மஞ்சள் பூசி, நெருப்பில் வாட்டி, பிள்ளையாருக்கு வைத்து நாங்கள் உடைத்துத் தின்பதும் அதே ஓட்டைத்தான். அது எந்த வாசல் வழியாகப் போகிறது என்பதைப் பொறுத்து பிரசாதப் பாத்திரமாகிறது, இல்லையென்றால் தீட்டுப் பாத்திரமாகிறது.

*

அம்மாவின் பக்கத்தையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அன்றைக்கு ராத்திரி அவர் என்னிடம் கேட்டார்: "தூக்கிக் குப்பையில போடறதுக்கு ஒரு பையன் வயித்துக்குப் போனா அது பாவமா?"

பதில் சொல்வது அவ்வளவு சுலபமில்லை. பசிக்கு வரலாறு தெரியாது. அந்தப் பையன் ரொட்டியைத் தின்றான், அது நல்லதுதான். அம்மா கொடுக்காமல் விட்டிருந்தால் உலகத்தில் ஒரு அநியாயம் குறைந்திருக்காது, ஒரு பையனுக்குத் தீனி குறைந்திருக்கும். விளைவை மட்டும் பார்த்தால் அம்மா செய்தது சரி.

'நானே தின்னாததை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது' என்று ஒரு விதி போட்டுப் பார்த்தேன். அதுவும் நிற்கவில்லை. அப்பா இருந்தவரைக்கும் தினமும் காலையில் பழையசோறும் சின்ன வெங்காயமும்தான். நாங்களும் தின்றோம். காட்டுக்குப் போனதும் அதே பானைச் சோறுதான். இப்போது ஓட்டல்களில் மண்சட்டியில் பழையசோறு வைத்து, மோர்மிளகாய் சேர்த்து, நல்ல விலைக்கு விற்கிறார்கள். ஆக, குற்றம் சோற்றிடம் இல்லை.

மானுடவியலாளர் மெக்கிம் மாரியட் 1968-ல் ஒரு கட்டுரை எழுதினார். வட இந்தியக் கிராமம் ஒன்றில் எந்தச் சாதி எந்தச் சாதிக்கு உணவு கொடுக்கிறது, யாரிடமிருந்து யார் வாங்குகிறார்கள் என்று கட்டம் போட்டுக் கணக்கெடுத்தார். ஒருவர் கையிலிருந்து வாங்கித் தின்பது, குறிப்பாக அவருடைய மிச்சத்தை வாங்குவது, வாங்குகிறவரைக் கீழே வைக்கிறது. ஊரின் மேல் கீழ் வரிசை, சோறு போகும் திசையில் எழுதியிருக்கிறது. இதைப் படித்தபோது எங்கள் கொல்லை வாசல் படம் போட்டு மாட்டியது போல இருந்தது.

இது நம் ஊர்ச் சமாச்சாரம் மட்டும் இல்லை. இடைக்கால ஐரோப்பாவில் பெரிய வீட்டு விருந்துகளில் காய்ந்த ரொட்டித் துண்டைத்தான் தட்டாக வைத்தார்கள், ட்ரெஞ்சர் என்று பெயர். கறியை அதன்மேல் வைத்துத் தின்பார்கள். குழம்பில் ஊறின அந்தத் தட்டு, விருந்து முடிந்ததும் வாசலில் நிற்கிற ஏழைகளுக்குத் தானமாகப் போகும். அங்கேயும் காய்ந்த ரொட்டி, கறிச்சாறு. பொருளைப் பார்த்தால் ஸ்டஃபிங்குக்குக் கிட்டத்தட்ட அண்ணன் தம்பி. ஒன்று மேசை நடுவில் இருக்கிறது, இன்னொன்று வாசலுக்கு வெளியே போகிறது.

அக்காவிடம் இதைச் சொன்னேன். அவள் சிரித்தாள். "எங்க ஊரு மட்டும் என்ன யோக்கியம்? ஸ்கூல்ல ஏழைங்களுக்கு உணவு சேக்கறோம்னு டப்பா கேப்பாங்க. வீட்ல யாருமே தொடாத, தேதி முடியப்போற டப்பாவாத் தேடி எடுத்துக் குடுப்போம். நானும் குடுத்திருக்கேன்."

அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "வாங்கும்போதே அவங்களுக்குன்னு ஒரு டப்பா கூட வாங்கணும்னு ஒரு தடவைகூடத் தோணுனதில்ல."

அந்த வாக்கியம்தான் எனக்கு ஒரு பிடி கொடுத்தது. தமிழில் நம்மிடம் இரண்டு சொல் இருக்கிறது: மிச்சம், பங்கு. நான் தின்று முடித்த பிறகு உன் ஞாபகம் வந்தால் அது மிச்சம். இலை போடுவதற்கு முன்னால் உன் ஞாபகம் வந்தால் அது பங்கு. இரண்டும் ஒரே பானையிலிருந்து, ஒரே அளவில் இருக்கலாம். மருமகளின் ரொட்டி மூன்று நாள் பழசு, ஆனால் நாங்கள் எல்லாரும் சாப்பிடுவோம் என்று நினைத்து எடுத்து வைத்தது. நினைப்பில் அது பங்கு. அம்மா கையில் அது மிச்சமாக மாறியது, ரொட்டியில் ஒரு பொருக்குகூட மாறாமல். பழசு என்று நாம் சொல்வது உணவின் வயசை என்று நினைக்கிறோம். பாதி நேரம், வாங்குகிறவரை நாம் எந்த வரிசையில் நினைக்கிறோம் என்பதைத்தான் சொல்கிறோம்.

எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற கொல்லிமலை, கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை. ஆடியில் அரசே அவனுக்கு விழா எடுக்கிறது. வள்ளல் என்ற சொல்லுக்கு எங்கள் பக்கம் குறைவே இல்லை. கொடுப்பதைப் பற்றி எவ்வளவோ பேசியிருக்கிறோம். வாங்கிக்கொள்வதைப் பற்றி அந்த அளவுக்குப் பேசினதாகத் தெரியவில்லை. இது எனக்குப் புரிய இன்னும் சில நாள் ஆனது.

*

மறுபடியும் ரொட்டி வாங்கினோம். இந்தத் தடவை அம்மாவே முறத்தை எடுத்துக் கொடுத்தார். சேஜ், தைம் எல்லாம் கிடைக்காது. வாசல் தொட்டியில் இருந்த கற்பூரவல்லியைக் கிள்ளி முகர்ந்துவிட்டு, "இது போதும் மாமா, கிட்டத்தட்ட அதே வாசம்" என்றாள். கொஞ்சம் ஓமமும் போடச் சொன்னேன். தைமின் வாசத்துக்குக் காரணமான தைமால்தான் ஓமத்திலும் இருக்கிறது.

வேண்டுமென்றவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். காய்ந்த சால்ட் பிரெட் ஒரு பவுண்டு, சதுரமாக வெட்டியது. சின்ன வெங்காயம் கால் கிலோ. செலரிக்குப் பதிலாகக் கொத்தமல்லித் தண்டு, பொடியாக நறுக்கி ஒரு கைப்பிடி. நெய் நூறு கிராம், எங்களுக்கு ராசிபுரம் நெய் பக்கத்திலேயே கிடைக்கும். கற்பூரவல்லி இலை பத்துப் பன்னிரண்டு, ஓமம் கால் ஸ்பூன், கொல்லிமலை மிளகு தட்டியது ஒரு ஸ்பூன். நாட்டுக்கோழி வேகவைத்த சாறு இரண்டு டம்ளர், முட்டை இரண்டு, உப்பு. நெய்யில் வெங்காயத்தையும் தண்டையும் வதக்கி, இலைகளைப் போட்டு வாசம் வந்ததும் இறக்கி, ரொட்டியில் கொட்டிப் பிரட்ட வேண்டும். சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, ரொட்டி குடிக்க நேரம் கொடுத்து, கடைசியில் முட்டையை அடித்துக் கலக்க வேண்டும். எங்கள் வீட்டில் அவன் கிடையாது. அடிகனமான சட்டியில் மூடி போட்டு, சிறுதீயில் அரைமணி நேரம் வைத்து, பிறகு தோசைக்கல்லில் திருப்பிப் போட்டு மொறுமொறுப்பாக்கினோம்.

இலை போடுவதற்கு முன்னாலேயே மருமகள் ஒரு தூக்குப்போசியில் எடுத்து வைத்தாள். "அவங்களுக்கு. வாங்க மாமா, போய்க் குடுத்துட்டு வந்துரலாம்."

ஆளை அனுப்பிக் கூப்பிட்டு விடலாமே என்று அம்மா சொன்னார். நானும் அதைத்தான் நினைத்தேன். ஆனால் அவள் செருப்பைப் போட்டுவிட்டாள்.

எங்கள் வீட்டிலிருந்து அந்த வீட்டுக்குப் பத்து நிமிட நடை. நாற்பத்தியொரு வயது வரைக்கும் அந்த வீட்டு வாசலில் நின்று குரல் கொடுத்திருக்கிறேன், வேலைக்குக் கூப்பிட. உள்ளே போனதில்லை. அவர் பதறிப்போய் வெளியே வந்தார். "என்னங் சாமி, சொல்லி விட்டிருந்தா நானே வந்திருப்பனே."

போசியைத் திறந்து ஒரு வாய் போட்டுக்கொண்டார். "ரொட்டி உப்புமாவாட்ட இருக்குது அம்மணி. காரந்தான் பத்தல."

அன்றைக்குக் கொடுத்த காய்ந்த ரொட்டி என்ன ஆனது என்று கேட்டாள் மருமகள். "டீயில நனைச்சுப் பையன் தின்னுட்டான். நல்லாத்தான் இருந்துச்சு." அவர் முகத்தில் எந்த வருத்தமும் இல்லை. நான் ஒரு வாரமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்த விஷயம் அவருக்கு ஒரு விஷயமே இல்லை போலிருந்தது. இல்லை, இருந்தும் என்னிடம் காட்ட வேண்டிய அவசியம் இல்லை என்று நினைத்தாரோ. நாற்பது வருடத்தில் எதை எங்களிடம் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

மருமகள் திண்ணையில் உட்கார்ந்துவிட்டாள். "பாட்டி, குடிக்கத் தண்ணி தர்றீங்களா?"

அவர் அசையவில்லை. என் முகத்தைப் பார்த்தார். கொடுக்கலாமா என்று என்னிடம் அனுமதி கேட்கிற பார்வை. அவருடைய வீடு, அவருடைய குடம், அவருடைய தண்ணீர். மாரியட் போட்ட கட்டம் முழுவதும் அந்தப் பார்வையில் இருந்தது. போசி நிறையக் கொண்டுவந்து கொடுத்துவிட்டதால் நான் ஏதோ செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். பங்கோ மிச்சமோ, கொடுத்துக்கொண்டே இருக்கிற வரைக்கும் நான் நின்ற இடத்திலேயேதான் நிற்கிறேன். அவர் கையிலிருந்து நான் வாங்குவேனா என்பதுதான் கேள்வி.

"எனக்கும் குடுங்க" என்றேன். "குடுங்க" என்று வந்தது எனக்கே வித்தியாசமாக இருந்தது.

தண்ணீர் கொடுத்தார். பிறகு அவராகவே டீ போட்டார். சில்வர் டம்ளர், சர்க்கரை தூக்கல். குடித்தோம். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. நாற்பத்தியொரு வருடம் தாமதமாகக் குடித்த டீ, அதையும் ஒரு பதினாறு வயதுப் பெண் தாகம் என்று கேட்டதால்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா ஒன்றும் பேசவில்லை. இலையில் ஸ்டஃபிங்கை வைக்கும்போது மட்டும் கேட்டார்: "டீயா குடுத்தா? பால் எங்க வாங்கறாளாம்?" அந்தக் கேள்விக்குள் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

*

இந்த வருடம் அக்கா வரவில்லை. ஆடிக்கு முந்தின நாள் சந்தையில் அம்மா தேங்காய் பொறுக்கும்போது ஒன்று கூடுதலாக எடுத்தார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. சாயங்காலம் அந்தப் பையனுக்கு ஆள் அனுப்பினார். அவனே குச்சியைப் பிடித்துச் சுட்டான். ஓடு வெடித்ததும் கத்தினான்.

ஆனால் அவன் நின்று சுட்டது கொல்லையில். நாங்கள் சுட்டது வாசலில். அம்மா அப்படிச் சொல்லவில்லை, அவனாகவே பின்பக்கமாக வந்து நின்றான். ஆறு வயது. அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? "இங்க வா கண்ணு" என்று முன்பக்கமாகக் கூப்பிட எனக்கு வாய் வர இரண்டு நிமிடம் ஆனது. அதற்குள் அவன் தேங்காயை உடைத்து, ஒரு சில்லு எடுத்து, என்னிடம் நீட்டினான்.